பூட்டுக் கம்பெனிப் பெரும்புள்ளி

ஒரு பெரும்புள்ளியை ஒழித்துக்கட்டுவது என்று முடிவு செய்தேன்.

அவர் யார் என்று தெரியாது. என்ன வயது, தலையில் முடி உண்டா இல்லையா, எதுவும் தெரியாது. ஆனால் இருக்கிறார். நான் பங்கு வாங்கிய பூட்டுக் கம்பெனியின் விலை தினமும் விழுந்துகொண்டிருந்தது. எதுவும் தானாக விழாது. யாராவது தள்ளவேண்டும். யாரோ ஒரு பெரிய பங்குதாரர் மூட்டை மூட்டையாக விற்றுத் தள்ளுகிறார் என்பது எனக்கு வெட்டவெளிச்சமாகத் தெரிந்தது.

"கம்பெனியே சரியில்லாம இருக்கலாம்ல?" என்றாள் மனைவி.

இப்படிப்பட்டவர்களோடு எப்படி ஐயா குடும்பம் நடத்துவது?

நான் மின்சார ஆபீஸில் புகார்ப் பிரிவு. நாள் முழுக்க போன் அடிக்கும். "கரண்ட் எப்ப சார் வரும்?" என்பார்கள். "இதோ இப்ப வந்துரும்" என்பேன். கம்பம் சாய்ந்திருக்கும், கம்பி அறுந்திருக்கும், ஆள் லீவில் இருப்பார். இருந்தாலும் "இப்ப வந்துரும்." சொல்லிச் சொல்லி எனக்கே அது ஒரு வியாதியாகிவிட்டது. என் மனைவி மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். அவள் கடையிலும் இதற்கு மருந்தில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். நாங்கள் இருப்பது வாடகை வீடு. மாடியில் ஓனர். அவர் மகள் வீட்டோடு போய்விடப் போகிறார். ஒரு நாள் படியில் நிறுத்திச் சொன்னார். "தம்பி, வீட்டை வித்துடலாம்னு இருக்கேன். வெளியாளுக்குக் குடுக்கறதுக்கு முன்னாடி உங்களைக் கேக்கணும்ல? வருஷக் கடைசி வரைக்கும் பொறுக்கறேன். முன்பணத்தைக் குடுத்துடுங்க. மிச்சத்துக்கு பேங்க் இருக்கு."

என் மனைவிக்கு முகமெல்லாம் பல். அந்த வீட்டுச் சமையலறையில் ஒரு ஜன்னல் உண்டு. கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வருவாள். வந்ததும் அந்த ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் காலை நீட்டிக்கொள்வாள். வெளியே பெரிதாக ஒன்றுமில்லை. பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியும் ஒரு துண்டு வானமும்தான். கல்யாணமான நாளிலிருந்து அவள் தனக்கென்று ஆசைப்பட்டது அந்த ஜன்னல் ஒன்றைத்தான். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் செய்தேன் என்பதுதான் இந்தக் கதையின் கேவலம்.

எங்கள் சேமிப்பு முன்பணத்துக்குக் கொஞ்சம் போதவில்லை. கொஞ்சம்தான். பல்லைக் கடித்துக்கொண்டு நாலு மாதம் ஓட்டியிருந்தால் சேர்ந்திருக்கும். எனக்குத்தான் பல்லைக் கடிக்கப் பொறுமையில்லை. மொத்தத்தையும் பூட்டுக் கம்பெனியில் போட்டேன். பணம் என் பேரில் இருந்தது. ஆகவே சம்மதமும் நானே எனக்குக் கொடுத்துக்கொண்டேன்.

"ஏன் அந்தக் கம்பெனி?" என்றாள்.

"உங்கப்பா வேலை பார்த்த கம்பெனிம்மா! நம்ம கம்பெனி!"

"எங்கப்பா அங்க வேலை பார்த்தாருங்க. அதனாலதான் வேண்டாம்ங்கறேன்."

மாமனார் அங்கே காலமெல்லாம் அரத்தால் சாவி ராவியவர். போனஸ் கொடுக்கக் காசில்லாத வருடங்களில் கம்பெனி தொழிலாளிகளுக்குப் பங்காகக் கொடுத்துக் கையைக் கழுவியது. பாதிப் பேர் அதை வந்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள். மாமனார் விற்கவில்லை. எல்லாம் சேர்ந்து, குட்டி போட்டு, அவர் போனபிறகு ஒரே மகளுக்கு வந்தது. அவள் பேரில், அவள் கணக்கில், நிறையவே இருந்தது. அதைப் பற்றி நான் யோசித்ததே இல்லை. பரண்மேல் கிடக்கும் சூட்கேஸ் மாதிரி அது பாட்டுக்கு இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

நான் வாங்கிய வாரமே விலை வழுக்க ஆரம்பித்தது. "இப்ப வந்துரும்" என்றேன். வரவில்லை. போய்க்கொண்டே இருந்தது. வீட்டு முன்பணத்தில் ஹால் போயிற்று. பிறகு படுக்கையறை போயிற்று. ஜன்னலை நெருங்கும்போது எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்போதுதான் ஆபீஸ் எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர் கைகொடுத்தார். அவரும் பூட்டில் மாட்டியவர். எங்களைப் போலச் சில்லறையாக வாங்கிச் சில்லறையாக அழுகிறவர்களைச் சேர்த்து போனில் ஒரு குரூப் ஆரம்பித்தார். அவர் தலைவர். நான் தளபதி. முடிவெட்டும் கடைக்காரர், டியூஷன் வாத்தியார், லாரி ஷெட்டு மேனேஜர் என்று நாற்பது ஐம்பது பேர் சேர்ந்தார்கள். அத்தனை பேருக்கும் ஒரே நம்பிக்கை: மேலே ஒரு பெரும்புள்ளி விற்கிறார், கீழே ஷார்ட் அடிக்கிறவர்கள் அமுக்குகிறார்கள், நடுவில் நாம் நசுங்குகிறோம்.

"ஷார்ட்டுன்னா என்னங்க?" என்றாள் மனைவி, சாப்பாடு போட்டபடி.

"தன்கிட்ட இல்லாத பங்கை இரவல் வாங்கி விக்கிறது. விலை விழுந்ததும் மலிவா வாங்கித் திருப்பிக் குடுக்கறது. நடுவுல இருக்கறது லாபம்."

"பக்கத்து வீட்டுல மிக்ஸியை இரவல் வாங்கி வித்துட்டு, மிக்ஸி விலை குறைஞ்சதும் வேற ஒண்ணு வாங்கிக் குடுக்கற மாதிரியா?"

"அதேதான்!"

"மிக்ஸி விலை ஏறிடுச்சுன்னா?"

"மாட்டிப்பான்! அதான் எங்க திட்டமே. எல்லாரும் ஒரே நேரத்துல வாங்குவோம். விலை ஜிவ்வுன்னு ஏறும். ஷார்ட் அடிச்சவன் பதறிப்போய் வாங்குவான். இன்னும் ஏறும்."

"எப்ப வாங்கறீங்க?"

"நாளைக்குப் பதினோரு மணி."

"என்ன விலை வரைக்கும் வாங்குவீங்க?"

சொன்னேன். எனக்கு உள்ளூரச் சந்தோஷம். இத்தனை வருடத்தில் நான் பேசும் எதைப் பற்றியும் அவள் இரண்டாவது கேள்வி கேட்டதில்லை. இப்போது ஐந்து கேட்டுவிட்டாள். அன்று அவள் எனக்கு இன்னொரு கரண்டி சோறு போட்டாள். நானும் இன்னொரு ரகசியம் போட்டேன். குரூப்பில் யார் யார் எவ்வளவு வாங்கப் போகிறார்கள் என்பதுதான் அது.

மறுநாள் பதினோரு மணி. நாற்பது பேரும் பாய்ந்தோம். விலை துள்ளியது. ஜெராக்ஸ்காரர் மெஷினையே நிறுத்திவிட்டார். அடுத்த நிமிடம் எங்கிருந்தோ ஒரு பெரிய விற்பனை வந்து தலையில் தட்டி உட்கார வைத்தது. நாங்கள் வாங்கியது அத்தனையும் அதுதான். எல்லாரும் கையில் பங்கோடு திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றோம். சாயங்காலத்துக்குள் விலை முன்னைவிடக் கீழே.

"பார்த்தீங்களா சார், பெரும்புள்ளி!" என்றார் ஜெராக்ஸ்காரர். "சரியா நம்ம நேரத்துக்கு வந்து வித்திருக்கான்!"

நேரத்தை மாற்றினோம். இரண்டரை மணி. இரண்டரைக்கே வந்தது. செவ்வாய்க்கிழமையை விட்டு வியாழன் வைத்தோம். வியாழன் வந்தது. அதிலும் நாங்கள் எவ்வளவு வாங்க முடியுமோ, அளந்தாற்போல் அவ்வளவு. பெரும்புள்ளிக்கு எங்கள் பாக்கெட் கனம்வரை தெரிந்திருந்தது.

குரூப்பில் ஒற்றன் இருக்கிறான் என்று முடிவாயிற்று. கண்டுபிடிக்கக் கமிட்டி. கமிட்டிக்கு நான் தலைவன். என் நேர்மைக்குச் சாட்சியாகக் குரூப்பில் சூளுரைத்தேன். "என் மனைவியிடம் எவ்வளவு பங்கு இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. அதில் ஒன்றுகூட அசையாது!" எல்லாரும் கைதட்டும் பொம்மை போட்டார்கள். அன்று சாயங்காலம் அந்தக் கைதட்டலை அவளிடம் பெருமையாகக் காட்டினேன். "ரொம்ப தட்டறாங்களே" என்றாள்.

முதலில் மாட்டியவர் முடிவெட்டுகிறவர். குரூப்பில் அவர், "சார், பேசாம வித்துட்டு வெளிய வந்துடலாமா? நல்லவங்க ஒருத்தங்க சொன்னாங்க" என்று எழுதிவிட்டார். யார் அந்த நல்லவங்க? சொல்ல மறுத்தார். துரோகி என்று குரூப்பிலிருந்து தூக்கினேன். அடுத்து டியூஷன் வாத்தியார், அவரும் அதே பேச்சு. தூக்கினேன். லாரி ஷெட்டு மேனேஜரைச் சந்தேகத்தின் பேரில் தூக்கினேன். இப்போது முடிவெட்ட நான் மூன்று தெரு தாண்டிப் போகிறேன். பக்கத்துக் கடையில் அவர் கத்தி தீட்டும் சத்தம் கேட்டாலே கழுத்து கூசுகிறது.

வீட்டிலோ வேறு விதமான வதை. வருஷக் கடைசி நெருங்கவே ஓனர் சில பேரை வீடு பார்க்க அனுப்ப ஆரம்பித்தார். ஞாயிற்றுக்கிழமை ஒரு தம்பதி வந்தார்கள். அந்த அம்மாள் எங்கள் கட்டிலைக் காலால் தட்டி, "இதெல்லாம் எடுத்துடுவீங்கல்ல?" என்றாள். அவள் புருஷன் டேப்பை இழுத்துச் சமையலறையை அளந்தார். என் மனைவி அடுப்பில் ஏதோ கிளறிக்கொண்டிருந்தாள். அவர் அவளைச் சுற்றி அளந்தார். பிறகு ஜன்னலைத் தட்டிப் பார்த்து, "இதை அடைச்சுட்டா ஒரு அலமாரி வைக்கலாம்" என்றார்.

மனைவி திரும்பவில்லை. கிளறிக்கொண்டே இருந்தாள். அடுப்பு எப்போதோ அணைந்திருந்தது. எனக்கு எங்கேயாவது போய்ச் செத்துவிடலாம் போலிருந்தது. இதைக் காமெடியாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை, மன்னியுங்கள்.

அவர்கள் போனபிறகு கேட்டாள். "ஏங்க, இப்ப வித்தாக்கூட பாதி வரும். வித்துடலாமா?"

"இப்ப வித்தா நஷ்டம்மா. விக்காத வரைக்கும் நஷ்டமே இல்ல."

"சரி" என்றாள். அதற்குமேல் அவள் அதைக் கேட்கவே இல்லை. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். கொஞ்ச நாளில் வீடு பார்க்க வருகிறவர்களும் நின்றுபோனார்கள். என் முறைப்பைப் பார்த்துப் பயந்துவிட்டார்கள் என்று அதையும் என் கணக்கிலேயே வரவு வைத்தேன்.

கடைசி யுத்தம். குரூப்பில் இன்னும் இருந்தவர்களை நம்பவில்லை. நானும் ஜெராக்ஸ்காரரும் மட்டும். நான் ஆபீஸ் சொசைட்டியில் கடன் போட்டேன். அவர் இரண்டாவது மெஷினை விற்றார். குரூப்புக்குச் சொல்லவில்லை. போனில்கூடப் பேசவில்லை. கடை இருட்டில் காதோடு காதாக நேரம் குறித்தோம். பன்னிரண்டு பத்து. யாருக்கும் தெரியாது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். பெண்டாட்டியிடம் சொல்வது யாரிடமும் சொல்வதில் சேராது. தனக்குத்தானே பேசிக்கொள்வது மாதிரி.

"பன்னிரண்டு பத்தா? பத்து நிமிஷம் எதுக்குங்க?" என்றாள்.

"யாரும் எதிர்பார்க்க மாட்டான்ல!"

"அதுவும் சரிதான்" என்றாள்.

பன்னிரண்டு பத்து. அழுத்தினோம். எங்கள் இரண்டு பேர் காசுக்கும் சரியாக, ஒரு பங்கு கூடாமல் குறையாமல், எதிரே விற்பனை வந்து நின்றது. வாங்கி முடித்தோம். அவ்வளவுதான். பிறகு திரையில் வாங்குபவர் பக்கம் வெறிச்சோடிக் கிடந்தது. விலை விழக்கூட இல்லை. விழுவதற்கும் ஒருவர் வாங்கவேண்டுமே.

ஜெராக்ஸ்காரர் மெதுவாகத் திரும்பினார். "சார், இது ரெண்டே பேருக்குத்தான் தெரியும்."

"என்னையா சந்தேகப்படறீங்க?"

"நான் கடையிலயே தூங்கறவன் சார். எனக்குப் பேச ஆள் கிடையாது. நீங்க வீட்டுக்குப் போறவர்."

எனக்குக் கோபம் வந்தது. பாதித் தெருவரை கோபம் இருந்தது. மருந்துக்கடையைத் தாண்டும்போது அது இல்லை. பன்னிரண்டு பத்தை வேறு யாரிடம் சொன்னேன் என்று நினைத்துப் பார்த்தேன்.

சாயங்காலம் அவள் வந்து, ஜன்னலோரம் உட்கார்ந்து, காலை நீட்டினாள்.

"நீ வித்தியா?" என்றேன்.

"எதை?"

"பூட்டை."

"ஆமா." காலை அமுக்கிவிட்டுக்கொண்டாள். "இன்னிக்கோட முடிஞ்சுது."

"எப்பல்லாம் வித்த?"

"நீங்க சொன்னப்பல்லாம். மத்த நேரத்துல அதை வாங்க ஆளே இல்லீங்க. நான் ஒருத்தி மொத்தமா கொண்டுபோனா அடிமாட்டு விலைக்குத்தான் கேப்பாங்க. நீங்கதான் நாளும் நேரமும் குறிச்சு ஆளைத் திரட்டிக் குடுத்தீங்க."

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்கள். நான் சொசைட்டிக் கடனில் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

"அப்ப அந்தப் பெரும்புள்ளி...?"

"நீங்க திட்டும்போதெல்லாம் பக்கத்துலதானே இருந்தேன்."

"ஷார்ட் அடிச்சவங்க?"

"அப்படி யாரையும் நான் பார்க்கலீங்க. நீங்க வாங்கறீங்க, நான் விக்கறேன். நடுவுல வேற ஆளே இல்ல."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"சொன்னா விட்டிருப்பீங்களா? ஒண்ணுகூட அசையாதுன்னு சபதம் போட்டவர். அப்பறம் கமிட்டி வச்சு ஊரையே விசாரிச்சீங்களே, என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா? கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

எனக்கு வேறு வழியில்லாமல் தர்மம் ஞாபகம் வந்தது. "அப்ப மத்தவங்க? ஊரான் காசு பாவம் இல்லையா?"

"அதுக்குத்தான் மருந்து வாங்க வந்தவங்ககிட்டல்லாம் சொன்னேன். வித்துடுங்கன்னேன். முடிவெட்டறவர் கேட்டார், வாத்தியார் கேட்டார், கொஞ்சமாவது மிஞ்சுச்சு. நீங்க அவங்களைத்தான் துரோகின்னு தூக்கினீங்க." குரல் இறங்கிவிட்டது. "ஜெராக்ஸ் அண்ணன்கிட்டயும் சொன்னேன். இருமல் மருந்துக்கு வந்தப்ப. 'உங்க வீட்டுக்காரர் வச்சிருக்காரும்மா, அவரை நம்பித்தான் நானும் இருக்கேன்'னார். அதுக்கு மேல நான் என்ன சொல்றது?"

விற்ற மெஷின் இருந்த இடம் அவர் கடையில் சதுரமாக வெளுத்துக் கிடப்பது கண்முன் வந்தது. அவருக்கு என்ன பதில் சொல்வேன் என்று இன்னும் எனக்குத் தெரியாது. தினமும் அந்தக் கடை எதிரில்தான் ஆபீஸ்.

அந்த நேரம் பார்த்து ஓனர் மாடியிலிருந்து இறங்கி வந்தார். கையில் சாவிக் கொத்து. என்னைப் பார்க்கவே இல்லை. நேராக அவளிடம் நீட்டினார். "மாடிக் கதவு, பின்கதவு, மோட்டார் ரூம். எல்லாம் இதுல இருக்கும்மா. பத்திரம் உன் பேர்லயே நல்லபடியா முடிஞ்சுது. ஜன்னல்ல ஒரு கொக்கி ஆடுது, அதை மட்டும் மாத்திக்கோ."

அவள் எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அவர் போனபிறகு ரொம்ப நேரம் அந்தச் சாவிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண் கலங்கியிருந்தது. மாமனாரை நினைத்துக்கொண்டாளோ என்னவோ. ஆயிரம் இருந்தாலும் வீடு தப்பியது. ஜன்னல் தப்பியது. நாம் தோற்றாலும் நம் பெண்டாட்டிதானே ஜெயித்தாள் என்று மனதைத் தேற்றிக்கொண்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"போகட்டும் விடும்மா" என்றேன். "என் பங்கெல்லாம் குப்பையாப் போனாலும், இனிமே நமக்கு மாசாமாசம் வாடகையாவது மிச்சம்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு காலை மறுபடி ஸ்டூலில் நீட்டினாள்.

"ஓனருக்கு அஞ்சாம் தேதி குடுத்துட்டிருந்தீங்கல்ல, எனக்கும் அதே தேதியில குடுத்துடுங்க."